பிரஸ் மெஷின் முன்னால் நிற்கப் போகும் மகனுக்கு

கண்ணு,

இதை ஒரே மூச்சில் படித்துவிட நினைக்காதே. பாதியில் மனசு வேறெங்காவது போனால் மடித்து வைத்துவிட்டு, மாமா வீட்டு மோட்டார் கொட்டகை வரை நடந்துவிட்டு வந்து படி. விட்ட இடம் மறந்திருந்தால் மேலே இரண்டு வரி திரும்பப் படி, ஒன்றும் குறைந்துபோகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கடைசி வரி வரைக்கும் படித்திருந்தால் போதும். திங்கட்கிழமை காலையில் புதுக் கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது இதில் இருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன். நீ ‘உம், உம்’ என்று கேட்டுக்கொண்டே போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் எனக்குத் தெரிகிறது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அப்பா சனிக்கிழமை டூட்டி முடிந்து ஊத்தங்கரை மாமா வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். உன் பேரை எங்கும் எழுதவில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். இந்த ஓசூரில் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளின் சட்டைப் பையில் நீ போட்ட அதே மாத்திரை கிடக்கிறது.

பதினாறு வருஷமாக என் வேலையே பார்ப்பதுதான். உனக்குத் தெரியாததா? ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, டிரேயில் வரும் ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்து, நல்லதாக இருந்தால் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து பச்சைப் பெட்டியில் போடுவது, பிசிறோ கீறலோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவது. யார் பார்த்தது என்று பின்னால் கண்டுபிடிக்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம். எனக்குப் பச்சைப் புள்ளி. பக்கத்து நாற்காலி நூர்ஜஹான் அக்காவுக்கு மஞ்சள். அவ்வப்போது குவாலிட்டிக்காரர்கள் நல்ல உருப்படிகளுக்கு நடுவில் குறையுள்ளதைக் கலந்து வைத்துச் சோதிப்பார்கள். நான் ஒன்றைக்கூடத் தவற விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. கண் தவறலாம், என் கண் தவறாது என்று உன்னிடமே எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். அந்தக் கண்ணுக்கு உன்னைத் தெரியவில்லை. தெரிந்தபோதும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியிலேயே உனக்கு வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மெஷினில் கடைவது என் மேஜைக்கு வரும். மகன் கடைய, அம்மா பார்க்க. அடுத்த வருஷமே ஆள் பற்றாக்குறை என்று உன்னை அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் நிற்க வைத்தார்கள். நீயும் முகம் சுளிக்காமல் நின்றாய். ஒருநாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது. என்னடா இது என்றேன்.

“தூக்கம் வராம இருக்கறதுக்கும்மா. லாரிக்காரங்கல்லாம் போடறதுதான். போட்டா சும்மா ஜிவ்வுன்னு நிக்கும், கண்ணு வேற எங்கியும் போவாது.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு மறக்காது. “வெறும் வயித்துல போடாதடா, வயிறு புண்ணாயிடும்” என்றேன். அதோடு விட்டேனா? அன்றிலிருந்து நீ இரண்டாவது ஷிஃப்ட் நிற்கும் நாட்களில் இன்னும் இரண்டு இட்லி சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். மாத்திரைக்குத் துணையாக இட்லி கட்டிக் கொடுத்த அம்மா நான்.

முதல் சில மாதம் நீ ஆளே வேறு. உன் மெஷினிலிருந்து வரும் டிரேயைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒரு கீறல் இருக்காது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் உன்னைக் காட்டி “இவனைப் பாருங்க” என்று சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சந்தைக்குப் போயிருந்தேன், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொல்லிவிட்டு. திரும்பி வந்தால் வீடு முழுக்கப் புகை. பாத்திரம் கருகி அடியோடு போயிருந்தது. நீ அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி, தரையில் மிக்சியைப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாய். ரிப்பேர் இல்லாத மிக்சி. புகை உன் மூக்குக்கு எட்டவில்லை. நான் கத்தியதும் நிமிர்ந்து பார்த்து, “இரும்மா, இன்னும் ஆறு ஸ்க்ரூதான்” என்றாய். அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் அந்த மிக்சியைக் காட்டி, என் பையன் எவ்வளவு பொறுமையாகத் துடைத்திருக்கிறான் பாருங்கள் என்றேன். அந்தக் கருகின பாத்திரத்தை ஏன் காட்டவில்லை?

இதுவரை எழுதிவிட்டு மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். ஒரு தடவை கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடவை சும்மா. அடுத்து எழுத வேண்டியதுதான் காரணம். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு முதல் ஷிஃப்ட். உன் மெஷினிலிருந்து டிரே வந்தது. முதல் உருப்படியை எடுத்ததுமே உள் பள்ளத்தில் பிசிறு விரலில் பட்டது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவது, எல்லாமே. கடையும் டூலின் முனை உடைந்துபோனால்தான் அப்படி வரும். பத்து உருப்படிக்கு ஒரு தடவை நீ கேஜ் வைத்து அளவு பார்த்துத் தாளில் எழுத வேண்டும். டிரேயோடு வந்த தாளைப் பார்த்தேன். வரிசையாக எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவை எழுதியிருந்தாய். தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி உன் பக்கம் வந்தேன். நீ மெஷின் கதவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்து மெஷின்காரன் ஏதோ சொல்கிறான், உன் காதில் விழவில்லை. கண்ணாடியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை, பளபளவென்று இருந்தது. அதற்குப் பின்னால் உடைந்த டூல் வெட்டிக்கொண்டே இருந்தது. நான் நின்றது உனக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கு நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நூர்ஜஹான் அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய மஞ்சள் மார்க்கர் மேஜையில் கிடந்தது. என் பச்சைப் புள்ளியை அந்த உருப்படிகளில் வைக்க எனக்குக் கை வரவில்லை கண்ணு. பதினாறு வருஷத்துத் திமிர் தடுத்தது. அந்த மஞ்சள் மார்க்கரை எடுத்து, டிரே முழுக்கப் புள்ளி வைத்து, அவருடைய பச்சைப் பெட்டியில் கொட்டினேன். அவர் வந்தபோது, “டீ நல்லா இருந்துச்சாக்கா?” என்று கேட்டேன். இதை ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் என் கை அழுகிப் போகும். தெரிந்துதான் செய்தேன்.

மறு வாரமே, வாங்கின கம்பெனியிலிருந்து அந்த லாட் முழுக்கத் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்து மேஜையில் அடுக்கினார்கள். எல்லாம் மஞ்சள் புள்ளி. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். “இம்மாம் பிசிற நான் எப்புடிப் பாக்காம வுட்டன்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இது நான் வைத்த புள்ளி இல்லை என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கான்ட்ராக்ட் ஆள்தானே, மறு மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள். உன்னைப் பற்றி, மெஷின் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது, தாளில் அளவு சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்கு முட்டைக் குழம்பு வைத்தேன். நீ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தாய்.

அப்புறம் நடந்தது உனக்கும் பாதி தெரியும். எடை குறைந்து சட்டை தொளதொளத்தது. சொன்னதையே திரும்பக் கேட்பாய். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவாய். மாத்திரை போட்டால் ஒன்றிலேயே ஒட்டிக்கொள்வாய், போடாவிட்டால் எதிலும் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாய். அப்பா கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரும்போது பாகலூர் ரோட்டு நிறுத்தத்தில் உன்னைப் பார்த்திருக்கிறார். மத்தியான வெயில். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. நீ ஒரு போல்ட்டில் நட்டைத் திருகுகிறாய், கழற்றுகிறாய், திருகுகிறாய். அவர் ஹாரன் அடித்தார், தலையை வெளியே நீட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெற்ற அப்பா ஆறடி தூரத்தில் கூப்பிடுகிறார், நீ நிமிரவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஆட்களோடு பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து உன் கையைப் பிடித்தார். அப்போது நீ சொன்னதை அவர் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். “என்னால நிறுத்த முடியலப்பா.” நீயாக வாய் திறந்து உதவி கேட்டாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் கும்பிடுவேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நீ மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அந்த டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். மூன்று மணி நேரம் ஒரு கண்ணாடியைத் துடைக்கிறவனுக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒண்ணையே பாக்கறது மட்டும் கவனம் இல்லம்மா. எதைப் பாக்கணும், எப்ப விடணும், பக்கத்துல யாராவது கத்தினா எப்பத் திரும்பணும், எல்லாம் சேந்ததுதான். இந்த மாத்திரை மொதல்ல எல்லாத்தையும் தூக்கி நிறுத்தும். திரும்பத் திரும்பப் போட்டா மூளை அதுக்குப் பழகிடும். அப்புறம் சாதாரண வேலையில மனசு ஒட்டாது. தூக்கமும் இல்லாமப் போனா கேக்கவே வேணாம்.”

எப்போது பழையபடி ஆவான் என்று கேட்டேன். “மாசக்கணக்குல ஆகும். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு லேட்டாகும். கொஞ்சம் குறை தங்கினாலும் தங்கலாம், இப்பவே சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்பிட்டதும் தான் சரியாயிட்டோம்னு அவருக்கே தோணும். அதை நம்பி அவசரப்பட்டு மெஷின் பக்கம் அனுப்பிடாதீங்க. நான் பாத்துச் சொல்றேன்” என்றார். இதை உன்னிடம் சொன்னால் மனசு ஒடிந்துபோவாய் என்று மறைத்தேன். மறைப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

மாத்திரையையும் பழைய வேலையையும் விட்டு நான்கு மாதம் ஆகிறது. முதல் வாரம் முழுக்கத் தூங்கினாய். அப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். அப்புறம் மெல்ல மெல்ல டீக்கடைக்குப் போனாய், சிரித்தாய், கன்னத்தில் சதை வைத்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சரியாகிவிட்டானா, இல்லையா? வாயைத் திறந்து உன்னிடம் கேட்டிருக்கலாம். நான் கம்பெனிக்காரியாயிற்றே. மாமா விதைக்காகப் பொறுக்கித் தரச் சொல்லி அனுப்பிய நிலக்கடலைப் பருப்பை உன் முன்னால் கொட்டி, சூம்பினதைப் பொறுக்கிக் கொடுடா என்றேன். அதற்கு முன்பே நல்லதைத் தனியாகப் பிரித்து, அதில் நானே இருபது சூம்பல் பருப்பை எண்ணிக் கலந்து வைத்திருந்தேன். நீ பதினோரு சூம்பல் பருப்பைப் பொறுக்கிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாய். திரும்பி வந்தாய். போன் பார்த்தாய். மறுபடி உட்கார்ந்து இரண்டு நல்ல பருப்பைத் தூக்கிப் போட்டாய். நான் கதவோரம் நின்று எண்ணுவதை நீ பார்த்துவிட்டாய்.

“கலந்து வெச்சியா? என்னை வேலைக்குச் சேந்த ட்ரெய்னின்னு நெனச்சியா?” என்று முறத்தைத் தள்ளிவிட்டு அன்றைக்கே மாமா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய். நீ கோபப்பட்டது நியாயம். பெற்ற பிள்ளையை அப்படிச் சோதித்தது தப்பு. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீ தவற விட்ட ஒன்பது பருப்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது, அதை என்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

போன வாரம் நீ மாமா போனில் அப்பாவைக் கூப்பிட்டு, புதுக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள், நான் சரியாகிவிட்டேன் என்று சொன்னாய். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். “கைக்கு வேலை குடுத்தா மனசு தானா நிக்கும்டி, வூட்டுல வெச்சிருந்தாத்தான் கெட்டுப்போவான்” என்கிறார். நானும் ஒருநாள் முழுக்கத் தலையாட்டினேன். பிரஸ் மெஷின் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தகட்டை உள்ளே வை, கையை எடு, அமுக்கு. வை, எடு, அமுக்கு. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை. அதில் ஒரே ஒரு தடவை மனசு ஜன்னலுக்குப் போனால் போதும், கை உள்ளேயே இருக்கும்.

மறுநாள் நூர்ஜஹான் அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுகூட எனக்குத் தெளிவாகத் தெரியாது. கதவைத் திறந்தவர் முகத்தில் புதிதாக மூக்குக் கண்ணாடி. இப்போது அவர் ஒரு பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாத்திரை, உடைந்த டூல், மஞ்சள் மார்க்கர், எல்லாம். அவர் கீழே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கண்ணாடிக் கடைக்காரன், ஒங் கண்ணு நல்லாத்தாம்மா இருக்குது, கண்ணாடி வேணாம்னான். நான்தான் சண்ட போட்டு வாங்கினன். எனக்குத் தெரியாதா எங் கண்ணப் பத்தின்னு கேட்டன். எம் மவ கூப்புட்டு, ஏம்மா வேலைய வுட்டுட்டன்னு கேட்டா. கண்ணு போச்சுடின்னு சொன்னன். ஊசியில நூலு கோக்கறத வுட்டுட்டன். ரோட்டக் கடக்கறதுக்கு யாரு கையவாச்சும் புடிச்சிக்கிறன். இம்புட்டு நாளா.”

நான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “ஒம் புள்ளைக்கி இப்ப எப்புடி இருக்குது?” என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை பிரஸ்ஸில் நிற்கப் போகிறான் என்றேன். “சரியாயிட்டானா?” என்றார். அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் இரண்டாவது தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் இல்லை என்றேன். “அப்ப அதை அந்தக் கம்பெனியில யார்கிட்டச் சொன்ன?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைப் பற்றியும் இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று வாசலிலிருந்து கேட்டேன். எழுது, எழுதி ஊருக்கே காட்டு என்றார். நாளைக்கு எங்கள் குவாலிட்டி மேனேஜரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். அதனால் எனக்கு வருவது வரட்டும், அது என் பாடு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியதும், அப்பாவிடம் நம்பர் வாங்கி உன் புதுக் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், நானும் பயந்து விட்டிருப்பேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன், நான்கு மாதத்தைப் பற்றிச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். என் பையனைத் தயவுசெய்து பிரஸ்ஸில் நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர். வேலையே இல்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ “பரவாகில்லா பிடிம்மா”, பரவாயில்லை விடுங்கள் என்று, கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். “ஸ்டோர்ல போடறேன். சாமான் எடுத்துக் குடுக்கறது, அடுக்கறது. டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் மெஷின் கிடையாது. ஆனா நீங்க சொன்னதை அவனும் என்கிட்ட வந்து சொல்லணும். மறைச்சா வேலை இல்லை” என்றார்.

இதுதான் நடந்தது. உன் வாயால் நீ சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஒருத்தரிடம் உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். திங்கட்கிழமை அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஸ்டோருக்குப் போவாயோ, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒரு பிரஸ் ஷாப்பைத் தேடிப் போவாயோ, எனக்குத் தெரியவில்லை. அப்படிப் போனால் அங்கேயும் போன் செய்வேன். அதற்கடுத்த இடத்துக்கும் செய்வேன். இந்தச் சிப்காட் தொழிற்பேட்டையில் எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனைக்கும் செய்வேன், நீ என்னோடு பேசாமல் போனாலும் செய்வேன்.

கோபம் வந்தால் போனில் கத்தாதே, வீட்டுக்கு வா. சோறு ஆக்கி வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டோ சாப்பிடாமலோ என் முகத்துக்கு நேராக நின்று கத்து. கோபம் வந்தால் இரண்டு கையையும் நீட்டி, பத்து விரலையும் விரித்து விரித்துப் பேசுவாய். நீ என்ன திட்டினாலும் நான் அந்தப் பத்தையும்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மா